தொண்ணூற்றைந்து மதிப்பெண் முழங்கால்

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூரில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குத்தாலம் பக்கத்து நடவுத் தொழிலாளி வைரக்கண்ணுவின் வலது முழங்காலுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் பதிவு செய்யப்பட்டது.

மதிப்பெண் போட்டவர் ஷமீரா. நாகூர்க்காரர், பிசியோதெரபிஸ்ட், இருபத்தேழு வயது. முழங்கால் ஜவ்வு கிழிந்து அங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்ட விவசாயத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அவர்களை வரவழைப்பது, தரையில் பதித்த தகட்டின்மேல் நடக்கவைத்து அளப்பது, இயந்திர நாற்காலியில் உட்காரவைத்துக் கால் பலம் பார்ப்பது, கேள்வி கேட்டு எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. கேள்விகள் எட்டு. உலகம் முழுவதும் முழங்கால் மருத்துவர்கள் கேட்கிற கேள்விகள்தான். வலி இல்லாவிட்டால் இருபத்தைந்து மதிப்பெண், கால் நழுவாமல் நின்றால் இருபத்தைந்து, மாடிப்படி ஏறினால் பத்து, குந்தி உட்கார்ந்தால் ஐந்து.

“படி ஏறும்போது சிரமம் இருக்காக்கா?”

“எங்க வீட்டுல ஏதும்மா படி?”

“இங்க மூணாவது மாடிக்கு ஏறித்தானே வந்தீங்க?”

“லிஃப்டுல வந்தேன். வாட்ச்மேன்தான் பட்டனை அமுக்கி ஏத்திவிட்டாரு.”

“சரி, சிரமம் இல்லைன்னு போட்டுக்கறேன். வலி?”

“ஒண்ணும் இல்லம்மா. டாக்டர் சார் கை ராசியான கை.”

“கொஞ்சங்கூட இல்லையா? உண்மையைச் சொல்லுங்க.”

“எப்பவாச்சும். ரொம்ப தூரம் நடந்தா.”

வலியில் ஐந்து குறைந்தது. மற்ற ஏழு கேள்விகளுக்கும் முழு மதிப்பெண். வைரக்கண்ணு கொண்டுவந்திருந்த பூவன் பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உப்பு போதவில்லை என்று அவர் எந்நாளும் சொன்னதில்லை. இது அதைவிடப் பெரிய விஷயம். காசு வாங்காமல் செய்த ஆபரேஷன். செய்த மனுஷரிடம் போய் வலிக்கிறது என்று சொன்னால் அவர் கையைக் குறை சொன்னதாகிவிடும். அந்த ஆய்வில் இருந்த இருபத்தொன்பது பேரும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தார்கள். ஷமீராவின் மேசையில் எப்போதும் பழம் இருந்தது. கணினியில் எப்போதும் நல்ல மதிப்பெண் இருந்தது.

ஜவ்வு கிழிந்தது 2023 குறுவை நடவில். நடவு நடுகிறவர்கள் குனிந்தபடியே பின்னோக்கி நகர்வார்கள். ஒவ்வோர் அடிக்கும் சேற்றிலிருந்து ஒரு காலை உருவிப் பின்னால் வைக்க வேண்டும். வைரக்கண்ணு பக்கத்தில் கிடந்த நாற்று முடிச்சை எடுக்கத் திரும்பினார். உடம்பு திரும்பியது, கெண்டைக்கால்வரை புதைந்திருந்த வலது கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவருக்கே கேட்டது. மூன்று மாதம் கழித்து டாக்டர் தியாகராசன் அவருடைய தொடையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தசைநார்களை உருவி எடுத்து, மடித்துக் கயிறாக்கி, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் எலும்பில் துளைபோட்டுப் பொருத்தினார். ஓராண்டுக்குச் சேற்றில் இறங்கக் கூடாது என்றார். வைரக்கண்ணு இறங்கவில்லை.

தொண்ணூற்றைந்து வாங்கிய ஒன்பதாம் நாள் தாளடி நடவுக்கு இறங்கினார். அதற்குள் ஊர் முழுக்க மதிப்பெண்ணைச் சொல்லியாகிவிட்டது. நடவுக் கூட்டத்தை நடத்தும் பிரகதாம்பாள் அவரை வரிசையின் நடுவில் நிறுத்தினார். பதினாறு பேர். முதல் பத்து அடி சரியாகத்தான் போனது. அதன்பின் வலது கால் வரவில்லை. வலி இல்லை. கால் நழுவவும் இல்லை. குதிகாலை மேலே இழுக்கச் சொன்னால் இழுக்கிற இடத்தில் ஆளே இல்லாததுபோல் இருந்தது. கையால் கெண்டைக்காலைப் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்தார். காலைத் தூக்கும் கை நாற்று நட முடியாது. இருபுறமும் வரிசை பின்னால் போய்விட்டது. நடுவில் அவர் மட்டும் முன்னால் நின்றார், இருபுறமும் நட்ட நாற்று, பின்னால் நடாத சேறு.

“என்னடி, தொண்ணூத்தஞ்சு மார்க்கு அங்கேயே நிக்குது?” என்றார் பிரகதாம்பாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வைரக்கண்ணுவும் சிரித்தார். மூன்றாம் நாள் பிரகதாம்பாள் சிரிக்கவில்லை.

“இந்தா பாரு, ஏக்கருக்குப் பேசி எறங்குறோம். ஒன் வரிசையை ரெண்டு பேரு நட வேண்டியிருக்கு. வடநாட்டு ஆளுவ ஒரு நாள்ல முடிச்சுட்டுப் போறான், மிஷினு அரை நாள்ல முடிக்குது. நம்மளையும் எவன் கூப்புடுவான்? நீ கரையில நின்னு முடிச்சு எடுத்து வீசு.”

அன்றிலிருந்து வைரக்கண்ணு வரப்பில் நின்று நாற்று முடிச்சு வீசினார். பாதிக் கூலி. பட்டப்பெயர் மட்டும் முழுதாக ஒட்டிக்கொண்டது. “ஏ தொண்ணூத்தஞ்சு, இந்தப் பக்கம் ரெண்டு முடிச்சு போடு.”

அவர் மருத்துவமனையைக் குறை நினைக்கவில்லை. தன்னைத்தான் நினைத்தார். தினமும் மூன்று வேளை பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள், பல நாள் இரண்டு வேளைதான் செய்தார். காலில் கட்டித் தூக்க வேண்டிய மணல் மூட்டையை ஒரு மாதம் கட்டாமல் விட்டார். அதனால்தான் இப்படி. ஜனவரியில் ஷமீரா போனில் கூப்பிட்டு “வேலைக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டபோது, “போறேம்மா” என்றார். கணினியில் ‘வேலைக்குத் திரும்பினார்: ஆம்’ என்று பதிவானது.

2025 செப்டம்பரில் அதே கூட்டத்தில் கனிமொழிக்கும் கால் திருகிக்கொண்டது. இருபத்தொன்பது வயது, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இடது முழங்கால், அதே ஜவ்வு. குழந்தையைத் தூக்கி நடக்கும்போது கால் நழுவி இரண்டு முறை விழுந்தார். அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனவர் வைரக்கண்ணு.

“ஒனக்குச் சரியாவலியே அக்கா?” என்று கனிமொழி பஸ்ஸில் கேட்டார்.

“எனக்கு நான் கெடுத்துக்கிட்டது. எக்சர்சைஸை ஒழுங்கா செய்யல. நீ செய்யி.”

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, கனிமொழியை இரண்டாம் மாடி வார்டில் சேர்த்தார்கள். ஆபரேஷன் திங்கட்கிழமை. ஆய்வில் முப்பதாவது ஆள் அவர். வைரக்கண்ணுவுக்கும் இரண்டாம் ஆண்டுப் பரிசோதனை அன்றைக்கே வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடிக்குப் போனார். எட்டுக் கேள்விக்கும் பழைய பதில்களையே சொன்னார். பிறகு ஷமீரா, போன ஆண்டு செய்ததுபோலவே, அவரை இயந்திர நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலைப் பட்டையால் கட்டி, காலைப் பின்னால் மடக்கச் சொன்னார். எந்தக் கோணத்தில் எவ்வளவு பலம் என்று திரையில் கோடு ஓடும். போன முறை வைரக்கண்ணு திரையைப் பார்க்கவில்லை. இடது காலுக்குக் கோடு மலைபோல் எழுந்து இறங்கியது. வலது காலுக்குப் பாதி வரை அதேபோல் எழுந்தது. முழங்கால் நன்றாக மடங்கும் இடம் வந்ததும் தரைக்கு வந்துவிட்டது.

“பாத்தியாம்மா, நான் செஞ்ச லட்சணத்தை” என்றார் வைரக்கண்ணு. “மணல் மூட்டையைக் கட்டாம விட்டேன்ல. இப்பக் காட்டிக் குடுக்குது.”

ஷமீரா பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“இது மூட்டையால இல்லக்கா.”

“பின்ன?”

“இந்த இடத்துல மடக்குறதே நாம எடுத்த தசைநார்தான். ஒழுங்கா மூணு வேளை எக்சர்சைஸ் பண்ணுனவங்களுக்கும் கோடு இப்படித்தான் விழுது. இருபத்தொன்பது பேர்ல இருபத்தாறு பேருக்கு.”

வைரக்கண்ணு திரையைப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?”

“மார்ச்லேர்ந்து.”

“இப்ப அக்டோபர்.”

ஷமீரா பட்டையை முழுதாக அவிழ்த்து எடுத்தார்.

“ஒரு வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்டி” என்றார் வைரக்கண்ணு. இதுவரை ஷமீராவை அவர் ‘டி’ போட்டதில்லை. “வரப்புல நின்னு முடிச்சு வீசிக்கிட்டு, கேக்குறவங்கிட்ட எல்லாம் எந்தப்பு எந்தப்புன்னு சொல்லிக்கிட்டு. ஒருத்தியக் கையப் புடிச்சு இழுத்தாந்து கீழ படுக்கவெச்சிருக்கேன். மறுபடியும் கேளு அந்தக் கேள்வியை. எட்டையும் கேளு.”

ஷமீரா கேட்டார். இந்த முறை வைரக்கண்ணு எதையும் மறைக்காமல் சொன்னார். வலி இருக்கிறது. மாலையில் விந்தி நடக்கிறார். குந்தினால் எழ நேரமாகிறது. சேற்றில் புதைந்த கால் மேலே வருவதில்லை. லிஃப்ட் கெட்டுப்போன நாளில் இந்தப் படியில் கம்பியைப் பிடித்து ஏறினார். ஷமீரா கூட்டினார்.

“எண்பத்தஞ்சு.”

“எண்பத்தஞ்சுன்னா?”

“நன்று.”

“சேத்துல கால் வரலன்னு சொன்னனே, அதுக்கு எவ்வளவு கழிச்சே?”

“அதுக்குக் கேள்வி இல்லக்கா.”

வைரக்கண்ணு எழுந்தார். சுவரோரம் ஒரு பெரிய சுவரொட்டி சுருட்டாமல் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் டாக்டர்கள் மாநாட்டில் வைப்பதற்காக முதல் நாள்தான் அச்சாகி வந்தது. எல்லாம் ஆங்கிலம். நடுவில் சேற்று வயலில் குனிந்து நிற்கும் பெண்களின் படம், அதன் கீழே தடித்த எழுத்தில் இரண்டு எண்கள்.

“அது என்ன எழுதியிருக்கு?”

“வேலைக்குத் திரும்பினவங்க, இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது.”

“அதுல நானும் இருக்கேனா?”

“இருக்கீங்க.”

“டாக்டர் எங்க?”

டாக்டர் தியாகராசன் இரண்டாம் மாடியில், கனிமொழியின் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தார். ஐம்பது தாண்டியவர், நல்ல கை என்று பெயர் எடுத்தவர். சீர்காழிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். நிலம் குத்தகையில் இருந்தது.

“வாம்மா வைரக்கண்ணு! நம்ம ஸ்டார் பேஷண்ட். ரெண்டு வருஷம் ஆயிருச்சா?”

“சார், இந்தப் புள்ளைக்குத் தொடையிலேர்ந்து எடுக்காதீங்க.”

சிரித்தபடியே திரும்பியவர், பின்னால் வந்து நின்ற ஷமீராவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“என்ன பிரச்சினை? காலைக் காட்டு.” பக்கத்துக் காலிக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். “அசையுதா பாரு. இரும்பு மாதிரி நிக்குது. சென்னையில போய்க் காட்டினாலும் இதுல ஒரு குறை சொல்ல மாட்டான்.”

“நீங்க வெச்சது நல்லாத்தான் இருக்கு சார். எடுத்த எடந்தான் போச்சு.”

“எடுத்தது மறுபடி வளரும். ஸ்கேன்லயே தெரியும்.”

“வளந்தது சேத்துலேர்ந்து காலை உருவ மாட்டேங்குதே.” வைரக்கண்ணு கட்டிலிலிருந்து இறங்கினார். “புடிங்க சார்.”

“என்ன?”

“கணுக்காலைப் புடிங்க. சேறு புடிக்கிற மாதிரி. ரெண்டு கையாலயும்.”

அவர் கட்டில் கம்பியில் கையூன்றிக் குனிந்து நின்றார். டாக்டர் ஒரு நொடி தயங்கினார். பிறகு பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் முட்டிபோட்டு, முதலில் இடது கணுக்காலைப் பிடித்தார். வைரக்கண்ணு வெடுக்கென்று உருவினார். டாக்டர் பின்னால் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டார். யாரோ ஒரு நோயாளி சிரித்து அடக்கினார்.

“இப்ப இந்தக் காலு.”

வலது காலைப் பிடித்தார். வைரக்கண்ணு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் டாக்டரின் கையிலேயே இருந்தது. அவர் இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்தது, முகத்தில் தெரிந்தது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “சரி. குறைவு இருக்கு. ஆனா இதெல்லாம் ஒரு அளவு இல்லம்மா.”

“அளவு இருக்கு சார்” என்றார் ஷமீரா. “நாற்காலியில எடுத்த அளவு. நல்லா மடக்குற எடத்துல மூணுல ஒரு பங்கு பலம் இல்ல. மார்ச்லயே அனுப்பினேன்.”

“அது அடுத்த கட்டுரைக்கு வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல? இதைப் பேஷண்ட் முன்னாடி பேச வேண்டாம்.”

“பேஷண்டோட கால் சார் அது.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. “தெரிஞ்சுக்கங்க எல்லாரும். வயல்ல வேலை செய்யிற பொம்பளைக்கு இந்த ஆபரேஷனை இந்த ஜில்லாவுல எவன் செய்யிறான்? முட்டிக்கு ஒரு பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிருவான். கபடி ஆடுற பையனுக்குத்தான் செய்வான். நான் இருபத்தொன்பது பேருக்குச் செஞ்சேன், ஒரு பைசா வாங்காம. வந்து வந்து நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னது யாரு? நீதானே? அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“ஆமா சார், நான்தான் சொன்னேன். நீங்க செஞ்ச உபகாரத்துக்கு வேற எப்புடி நன்றி சொல்றதுன்னு தெரியாம நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னேன். அதை மார்க்காப் போட்டு வெச்சுக்கிட்டீங்க.” அவர் குரல் வார்டின் கடைசிவரை கேட்டது. “நான் சொன்னது தப்பு. ஒத்துக்கறேன். அந்த நாற்காலியுமா ஒங்களுக்கு நன்றி சொல்லுச்சு? அது மார்ச் மாசமே உள்ளதைச் சொல்லியிருக்கு. அதை எடுத்து உள்ள வெச்சுப்புட்டு, என்னை வேலைக்குப் போறவன்னு அடிச்சு ஒட்டியிருக்கீங்க. நாங்க நட்டாத்தானே சார் ஒங்க வயலும் வெளையுது? சேத்துல கால் எப்புடி வரும்னு அங்க நடுறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா.”

கனிமொழி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், வேற எங்கேருந்தும் எடுக்க முடியாதா?”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “முட்டிக்கு முன்னாடி எடுக்கலாம். மண்டி போட்டா வலிக்கும். கணுக்காலுக்குப் பக்கத்துல எடுக்கலாம், இப்ப நிறையப் பேர் எடுக்கறாங்க. எனக்கு அதுல கை பழக்கம் கம்மி. அப்புறம் இந்த ஆய்வு தொடைத் தசைநாருக்குத்தான். அதுல நீ இல்லைன்னா திங்கட்கிழமை இடம் உனக்குக் கிடையாது. வெளியில பார்த்துக்கணும். அதுவரைக்கும் கால் நழுவிக்கிட்டே இருந்தா உள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வும் கிழியும். இதைச் சொல்லாம விட்டா நாளைக்கு நீயும் வந்து கேப்பே.”

“நடவு நடுறவளுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க சார்.”

“தெரியாது” என்றார் டாக்டர். “சேத்துல யாரும் அளந்து பார்க்கல.”

கனிமொழி வைரக்கண்ணுவைப் பார்த்தார். வைரக்கண்ணு, இந்தப் பெண்ணுக்கு ஒரு முறை வழிகாட்டியதே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“தொடையில வேண்டாம் சார்” என்றார் கனிமொழி. “என் பேரை எடுத்துருங்க.”

டாக்டர் தலையை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார்.

“என் பேரை எடுக்கக் கூடாது” என்றார் வைரக்கண்ணு. “என் பேரு இருக்கணும். வேலைக்குத் திரும்பலன்னு எழுதணும். நீங்க சொல்லுங்க சார், ஷமீரா எழுதட்டும், நான் பாத்துட்டுப் போறேன்.”

“எழுதிக்கங்க, ஷமீரா” என்றார் அவர், திரும்பாமல்.

ஷமீரா மேலே போய் மடிக்கணினியை எடுத்துவந்தார். கட்டில் விளிம்பில் வைத்துத் திறந்தார். வைரக்கண்ணுவின் பெயர் இருந்த பன்னிரண்டாம் வரிசையில் ‘ஆம்’ என்பதை அழித்து ‘இல்லை’ என்று போட்டார். வைரக்கண்ணுவுக்கு அந்த ஆங்கில எழுத்துகள் தெரியாது. விரலை வைத்து, எது என்று காட்டச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் காலியாக இருந்தது. “அதுல சேத்தைப் பத்தி எழுது” என்றார். ஷமீரா நான்கு வரி எழுதி, தமிழில் படித்துக் காட்டினார். மூன்றாவது வரியில் ‘சிறிது சிரமம்’ என்று இருந்தது. வைரக்கண்ணு ‘சிறிது’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். எடுத்தார்.

கனிமொழியை மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். இருவரும் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார ஓர் இடம்தான் இருந்தது. கனிமொழி உட்கார்ந்தார். வைரக்கண்ணு அய்யம்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தார், கோபம் அடங்காமல் கண்டக்டரிடம்கூடச் சண்டை போட்டார்.

நவம்பர் மாநாட்டில் முன்பே அச்சான சுவரொட்டிதான் வைக்கப்பட்டது. இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் இருபத்தொன்பதுக்கு இருபத்தெட்டு என்று திருத்தப்பட்டது. நாற்காலியின் அளவுகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஷமீராவின் ஒப்பந்தம் நவம்பர் முப்பதாம் தேதி முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. வைரக்கண்ணு அந்த ஆண்டுத் தாளடி நடவிலும் வரப்பிலேயே நின்றார்.

டிசம்பர் 11, வியாழக்கிழமை, கனிமொழிக்குத் திருச்சியில் வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தசைநார் கணுக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. காத்திருந்த இரண்டு மாதத்தில் முழங்காலின் உள்ளிருந்த மெத்தையும் கிழிந்திருந்ததால், அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஓராண்டுக்குச் சேற்றில் இறங்கக் கூடாது என்று சொல்லி நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.